ஆளுக்கு ஒரு காது

இருதயம்மாளுக்கு மத்தியானச் சோறு தொண்டையில் இறங்க வேண்டுமென்றால் முதலில் இயர்போனைக் காதில் மாட்டிக்கொள்ள வேண்டும். மகன் போன பிறகு வந்த பழக்கம் அது. சோற்றை வடித்து, மீன் குழம்பை இறக்கி மூடிவிட்டு, அடுப்படி நிலைப்படியில் காலை நீட்டி உட்காருவாள். செல்போனில் ஜெரி பாடுவான். அவள் கண்ணை மூடிக் கேட்பாள். பாட்டு முடிகிற இடத்தில் அவளே அவனைச் சாப்பிடக் கூப்பிடுவது பதிவாகியிருந்தது. "தோ வந்துட்டேன்மா" என்று அவன் பதில் சொல்வதும் பதிவாகியிருந்தது. அதைக் கேட்ட பிறகுதான் இயர்போனைக் கழற்றிச் சுருட்டி ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு தட்டை எடுப்பாள்.

"வந்துட்டேன்னு சொல்லிட்டான். நாம துன்னலாம்" என்பாள்.

மகள் ரூத் குழம்பு மூடியைத் திறப்பாள். அண்ணனுடைய அந்தப் பாட்டைப் பதிவு செய்தவளே அவள்தான். ஆனால் அவன் செத்த பிறகு முதல் வரிக்கு மேல் அவளால் கேட்க முடிந்ததில்லை. கேட்கலாம் என்று மாடியில் தனியாக உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். அவன் மூச்சை இழுத்து, "அலை வந்து தட்டுது" என்று தொடங்கும்போதே கை தானாகப் போய் நிறுத்திவிடும்.

கல்மண்டபத்துக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டின் மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, ரூத் பாட்டுகளுக்கு மிக்ஸிங் செய்தாள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். ஆட்களுக்கு முன்னால் வாய் திறக்க வராது. லேப்டாப்புக்கும் ஹெட்போனுக்கும் முன்னால் அந்தத் தொல்லை இல்லை. காசிமேட்டிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் கானா பாடுகிற பையன்கள் வருவார்கள். பாட்டைக் கொடுத்துவிட்டுப் படியில் உட்கார்ந்து அரட்டை அடிப்பார்கள். அவள் உள்ளே இருந்து டோலக்கைக் கொஞ்சம் இறக்கி, குரலைக் கொஞ்சம் ஏற்றி, பென் டிரைவில் போட்டு, கதவு இடுக்கு வழியாக நீட்டுவாள்.

ஒன்றில் மட்டும் அவள் தவறியதே கிடையாது. வேலை முடிந்ததும் மோனோ பட்டனை அழுத்தி, இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் ஒன்றாக்கி ஒரு தடவை கேட்பாள். இந்தப் பக்கத்துப் பாட்டெல்லாம் கடைசியில் போய்ச் சேருகிற இடம் கூம்பு ஒலிபெருக்கி. இல்லையென்றால் ஆட்டோவுக்குள் இருக்கிற ஒற்றை ஸ்பீக்கர். அங்கே இடதும் கிடையாது, வலதும் கிடையாது. எல்லாம் ஒரே குழாய் வழியாகத்தான் வந்தாக வேண்டும். சில பாட்டுகளில் ஒரே குரல் இரண்டு பக்கமும் இருக்கும். ஆனால் ஒரு பக்கத்தில் ஒலி அலை மேலே ஏறும்போது மறுபக்கத்தில் கீழே இறங்கும். ஹெட்போனில் கேட்டால் கோளாறு எதுவும் தெரியாது. குரல் அகலமாக, தலையைச் சுற்றி நிற்பதுபோல, நன்றாகக்கூட இருக்கும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால்தான் குட்டு வெளிப்படும். ஏறுவதும் இறங்குவதும் ஒன்றையொன்று தின்றுவிடும். கரையில் கிடக்கிற படகை அந்தப் பக்கம் நாலு பேரும் இந்தப் பக்கம் நாலு பேரும் எதிரெதிராகத் தள்ளினால் படகு எங்கே போகும்? அப்படித்தான்.

எத்தனையோ பையன்களின் குரலை அவள் அப்படிக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறாள். அவர்களுக்கு அது தெரியவும் தெரியாது.

ஜெரி அவளுக்கு நேர் எதிர். வாய் ஓயாதவன். குமாரவேலின் மைக் செட் கடையில் வேலை. கோயில் திருவிழா, கல்யாணம், சாவு, எதுவாக இருந்தாலும் கம்பத்தில் ஏறி, ஆரன் என்கிற கூம்பைக் கட்டுவது அவன்தான். தங்கையை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஊமச்சி என்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவன், கையில் இரண்டு மைக்கையும் புதிதாக இரண்டு ஒயரையும் கொண்டுவந்தான்.

"ஏ ஊமச்சி, நானே ஈயம் உருக்கிப் பத்த வெச்ச ஒயரு. கடையில வாங்குனா மாதிரி கீதா பாரு. உன் பொட்டியில சொருவி டெஸ்ட் பண்ணிக் குடு."

லேப்டாப்பைக் கூடத்துக்கு இறக்கினாள். அவன் நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்தான். முன்னால் ஒரு மைக் இடது பக்கம், ஒரு மைக் வலது பக்கம். இடது மைக்குக்குப் பின்னால் அடுப்படி. அம்மா மீனைப் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா பாடறது?" என்று கேட்டுவிட்டு, அவனே கட்டி வைத்திருந்த மாதா பாட்டைப் பாடினான்.

*அலை வந்து தட்டுது, கதவ தெற தாயே,*
*நனஞ்சி வந்து நிக்கிறேன், துண்ட எடு தாயே.*

பாடி முடித்து இன்னொரு தடவை முதலடியை எடுக்கப் போனபோதுதான் அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "டேய் ஜெரி, சோறு ஆறிகினு கீது. பாடுனது போதும், வந்து துன்னு." அவன் மைக்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "தோ வந்துட்டேன்மா" என்றான். ரூத் பதிவை நிறுத்தினாள்.

"ஒயரு ஓகேவா?"

திரையில் இரண்டு பக்கமும் அலை வந்திருந்தது. அவள் தலையை ஆட்டினாள். பெரிதாக்கிப் பார்த்திருந்தால் ஒரு பக்கம் ஏறும் இடத்தில் மறுபக்கம் இறங்குவது தெரிந்திருக்கும். இரண்டு ஒயரில் ஒன்றின் முனையில் உள்ளே இருக்கிற இரண்டு கம்பிகளை ஜெரி இடம் மாற்றிப் பற்ற வைத்திருந்தான். அம்மா மறுபடியும் கூப்பிட்டாள். மீன் வாசனை கூடம் முழுக்க வந்தது. யாருக்கு அதைப் பார்க்கத் தோன்றும்?

மழைக்காலம் தொடங்குவதற்குள் அவன் போய்விட்டான். எர்ணாவூரில் ஒரு காதுகுத்துக்குக் கூம்பு கட்டிவிட்டு, மீன்பாடி வண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு எண்ணூர் விரைவுச் சாலையில் திரும்பி வந்தபோது, கண்டெய்னர் ஏற்றிய ட்ரெய்லர் ஒன்று ஓரம் ஒதுங்கியது. அது ஒதுங்கிய இடத்தில்தான் அவன் இருந்தான்.

வருஷம் திரும்பியது. முதலாம் ஆண்டு நினைவுப் பூசைக்குக் கோயிலில் சொல்லியாகிவிட்டது. பூசை முடிந்ததும் தெருமுனையில் பந்தல் போட்டு, படம் வைத்து, ஜெபம் சொல்லி, வந்தவர்களுக்குச் சாப்பாடு. இதெல்லாம் எல்லார் வீட்டிலும் நடப்பது. இருதயம்மாளுக்கு அதற்கு மேல் ஒரு ஆசை இருந்தது.

"பந்தல்ல என் புள்ள பாடணும்" என்றாள் குமாரவேலிடம்.

கோயில் பாடகர் குழுவில் நின்று பாட வேண்டும் என்று ஜெரி கெஞ்சாத நாள் இல்லை. குழுவை நடத்தும் ஸ்டானிஸ்லாஸ் மாஸ்டர், "நீ ஒயர இழு ராஜா, பாட்ட நாங்க பாத்துக்கறோம்" என்று முதுகில் தட்டி அனுப்பிவிடுவார். அவன் சிரித்துக்கொண்டே வந்து அதை வீட்டில் நடித்துக் காட்டுவான். அவன் சிரித்தாலும் அம்மா சிரித்ததில்லை. மாஸ்டர் பந்தலுக்கு வருவார். குழு மொத்தமும் வரும். அவர்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

"பேஷா போடலாம்க்கா" என்றான் குமாரவேல். "பெரிய பாக்ஸ் ரெண்டு எறக்கறேன். அந்தாண்ட ஒண்ணு, இந்தாண்ட ஒண்ணு. சும்மா தியேட்டர் கணக்கா இருக்கும்."

"பாக்ஸு வேணா. ஆரனு கட்டு."

"ஆரன் கட்டுனா ஸ்டேஷன்ல பேஜாரு பண்றான்க்கா."

"ஒரு பாட்டுக்கு இன்னா பேஜாரு? அவன் ஆயுசுக்கும் கட்டுனது ஆரனு. ஊருக்கெல்லாம் கட்டுனான், அதுல அவன் கொரலு ஒரு நாளு வந்ததில்ல. அதுலதான் வரணும்."

குமாரவேல் தலையைச் சொறிந்தான். பிறகு, "கட்டிக்கலாம் வுடு" என்றான்.

ரூத் பாட்டைப் பென் டிரைவில் போட்டாள். போடுவதற்கு முன் ஹெட்போனை எடுத்துத் தலையில் மாட்டினாள். மூச்சை இழுக்கும் சத்தம் வந்ததும் கழற்றிவிட்டாள். எந்தப் பையனின் பாட்டுக்கும் தவறாமல் அழுத்துகிற பட்டனை அவள் அழுத்தவில்லை. அண்ணன் குரலை ஏற்றவோ இறக்கவோ தேய்க்கவோ தனக்கு உரிமை இல்லை என்று நினைத்தாள். பிணத்தைத் துடைத்துச் சட்டை மாட்டியபோது அவள் அந்த அறையில் இருக்கவில்லை, ஓடிப்போய் மாடியில் உட்கார்ந்துகொண்டாள். இதுவும் அதுபோலத்தான் இருந்தது. இருந்தபடியே கொடுத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் கடல் காற்று நன்றாக வீசியது. பந்தலில் ஜெரியின் படத்துக்குச் சம்பங்கி மாலை. விளக்குக் கம்பத்தில் இரண்டு பக்கமும் கூம்பு, இரண்டுக்கும் போவது ஒரே ஒயர். ஸ்டானிஸ்லாஸ் மாஸ்டர் வெள்ளைச் சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் குழு. எதிர்வீட்டு ஜானட் ஆன்ட்டி தெருவில் நின்ற பிள்ளைகளையெல்லாம் அதட்டி உட்கார வைத்தாள். ஜெபமாலை சொல்லி முடித்ததும் இருதயம்மாள் எழுந்தாள். கூட்டத்தில் பேசிப் பழக்கம் இல்லாதவள்.

"என் புள்ள பாடுனது ஒண்ணு கீது. அல்லாரும் கேட்டுட்டு சாப்டுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

குமாரவேல் பென் டிரைவைச் செருகினான். கூம்பு ஒரு தடவை கரகரத்தது.

பிறகு மீன் பொரிகிற சத்தம் வந்தது.

எல்லாரும் காத்திருந்தார்கள். எண்ணெய் சடசடத்தது. கரண்டி சட்டியில் பட்டது. எங்கேயோ ஒரு ஆட்டோ போனது. ஆழத்தில், வெகு தூரத்தில், யாரோ பல்லிடுக்கில் காற்றை விடுவதுபோல ஸ், ச் என்று மெலிசாக ஏதோ உரசிக்கொண்டிருந்தது. சொல் இல்லை. ராகம் இல்லை.

"இன்னா குமாரு, ஓட்டல்ல ரெகார்ட் பண்ணியா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். இரண்டு பேர் சிரித்தார்கள். ஜானட் ஆன்ட்டி திரும்பி முறைத்தாள். குமாரவேல் குமிழைத் திருகிச் சத்தத்தை ஏற்றினான். மீன் இன்னும் பலமாகப் பொரிந்தது.

ரூத் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு அந்த மெலிந்த உரசல் எந்த இடத்தில் வருகிறது, எந்த இடத்தில் நிற்கிறது என்று காது தானாகவே எண்ணத் தொடங்கியது. தட்டுது. தெற தாயே. நனஞ்சி வந்து நிக்கிறேன். அவன் பாடிக்கொண்டுதான் இருக்கிறான். இடதும் வலதும் கூம்புக்குள் ஒன்றையொன்று தின்றுகொண்டிருக்கின்றன. நடுவில் உட்கார்ந்து பாடியவன் முழுசாகப் போய்விட்டான். ஓரத்தில், ஒரு மைக்கில் மட்டும் பலமாக விழுந்ததெல்லாம் மிச்சமிருந்தது. குமார்ணா, நிறுத்து என்று கத்த வேண்டும். அத்தனை பேருக்கு முன்னால் அவள் ஒரு நாளும் கத்தியதில்லை. ஆட்களை விலக்கிக்கொண்டு அவள் குமாரவேலிடம் போய்ச் சேருவதற்குள் அது வந்துவிட்டது.

"டேய் ஜெரி, சோறு ஆறிகினு கீது. பாடுனது போதும், வந்து துன்னு."

தெரு முழுக்க, இரண்டு கூம்பிலும், இருதயம்மாளின் குரல். ஒரு வருஷத்துக்கு முந்தைய குரல். அதில் கோபம்கூட இல்லை, அன்றாடம் கூப்பிடுகிற குரல். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

முன்வரிசையில் இருதயம்மாள் தலையை லேசாகச் சாய்த்திருந்தாள். வருஷம் பூராவும் மத்தியானத்தில் சாய்த்த அதே சாய்ப்பு. பதிலுக்காக.

எண்ணெய் சடசடத்தது. பதிவு முடிந்தது. கூம்பு வெறுமையாக இரைந்தது.

ஸ்டானிஸ்லாஸ் மாஸ்டர்தான் முதலில் எழுந்து வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "மெஷின் கோளாறும்மா. வுடு. அவன் நல்லா பாடுவான், எனக்குத் தெரியாதா?"

இருதயம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "தெரியுமா மாஸ்டர்? தெரிஞ்சிதான் நிக்க வுடலியா?"

அவர் தன் நாற்காலிக்குப் போகாமல் படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

ரூத் ஓடினாள். சந்து, படி, மாடி. லேப்டாப் திறப்பதற்குள் நகத்தைக் கடித்துத் துப்பினாள். அலையைப் பெரிதாக்கினாள். அங்கே இருந்தது, கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போல. வலது பக்கத்தைத் தலைகீழாகத் திருப்பினாள். ஒரே ஒரு பட்டன். மோனோவை அழுத்திக் கேட்டாள். "அலை வந்து தட்டுது" என்று ஜெரி நடுமண்டையில் நின்று பாடினான். அவள் நிறுத்திவிட்டுப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு மறுபடியும் ஓடினாள்.

பந்தலில் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. அதற்குள் காவலர் ஒருவர் பைக்கை நிறுத்திக் கூம்பைக் காட்டிப் பேசிவிட்டுப் போயிருந்தார். குமாரவேல் கம்பத்தில் ஏறி இரண்டையும் இறக்கிவிட்டான். அவை மண்ணில் வாயைக் கவிழ்த்துக் கிடந்தன. பாடகர் குழுவில் பாதிப் பேர் கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"குமார்ணா" என்று மூச்சு வாங்கினாள் ரூத். "இப்போ வரும். இன்னொரு தபா போடுணா."

குமாரவேல் கூம்பையும் பார்த்தான், இருதயம்மாளையும் பார்த்தான். "கட்டவாக்கா? போலீஸு வந்தா வரட்டும், நான் பேசிக்கறேன்."

இருதயம்மாள் நாற்காலியிலிருந்து அசையவே இல்லை.

"வேணா குமாரு. நான் கூப்ட்டேன், அவன் வரல. தெருவே கேட்டுச்சி. இன்னும் எத்தினி தபா கூப்புடறது?"

மறுநாள் மத்தியானம் அவள் சோறு வடித்தாள். குழம்பை இறக்கினாள். நிலைப்படியில் உட்கார்ந்தாள். செல்போனை எடுக்கவில்லை. தட்டையும் எடுக்கவில்லை. ரூத் மாடியிலிருந்து இறங்கி வந்து பார்த்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

அவளாகவே செல்போனை எடுத்துத் திருத்திய பாட்டை அதில் போட்டு, அம்மாவின் இரண்டு காதிலும் மாட்டிவிட்டாள். இருதயம்மாள் மறுக்கவில்லை. கண்ணை மூடினாள். கொஞ்ச நேரத்தில் திறந்துவிட்டாள்.

"இது அவன் இல்ல."

"அவன்தாம்மா. இதான் சரியானது."

"முந்தி வூடு பூரா இருந்தான்டி." அம்மா கையை விரித்துத் தலையைச் சுற்றிக் காட்டினாள். பிறகு உள்ளங்கையை முகத்துக்கு நேராக நிறுத்தினாள். "இப்போ இங்க நிக்கிறான். போட்டோல நிக்கிறா மாதிரி. இன்னா பண்ண நீ?"

ரூத் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஒரு ஒயரில் கம்பி மாறியிருந்தது. அதனால்தான் கூம்பில் வரவில்லை. தான் அன்றைக்கே பார்த்திருக்க வேண்டும். நேற்றாவது பார்த்திருக்க வேண்டும். எல்லாருக்கும் பார்க்கிறவள், அவனுக்குப் பார்க்கவில்லை. அவ்வளவு நீளமாக அவள் அம்மாவிடம் பேசி வெகு நாளாகியிருந்தது.

இருதயம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள். "எந்த ஒயரு? அவன் பத்த வெச்சானே, அதுவா?"

"ம்."

"அவன் கையால பண்ணதா?"

"ம்."

"அப்போ அது அப்டியே கெடக்கட்டும். நீ மாத்தாத. பழச குடு."

ரூத் பழையதை எடுத்து வைத்தாள். கோணலாக இருந்ததை, கூம்பில் செத்துப்போனதை, தெருவில் ஒருவருக்கும் கேட்காமல் போனதை. அம்மா இயர்போனைக் காதுக்குக் கொண்டுபோனவள் நடுவில் நின்றாள். ஒரு காதை மட்டும் தான் வைத்துக்கொண்டு மற்றதை நீட்டினாள்.

"உக்காரு. நீ கேட்டதே இல்ல. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினியா?"

ஒயர் நீளம் போதாது. ரூத் அம்மாவின் தோளோடு ஒட்டி உட்கார வேண்டியிருந்தது. இடது பக்கம் அம்மாவுக்கு, வலது பக்கம் அவளுக்கு. மூச்சை இழுக்கும் சத்தம் வந்தது. அவள் கை செல்போனைத் தேடிப் போனது. அம்மா அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அவன் பாடினான். அம்மாவின் காதில் ஏறிய அலை இவள் காதில் இறங்கியது. நடுவில் அவை சந்திக்கிற இடம் எதுவும் இல்லை. எல்லாச் சொல்லும் முழுசாக வந்தது. துண்ட எடு தாயே என்ற இடத்தில் அவன் குரல் கொஞ்சம் பிசிறியது. அன்று கூடத்தில் அது ரூத்துக்குக் கேட்டிருக்கவில்லை. கடைசியில் அம்மா கூப்பிடுவது அவள் பக்கத்தில் அடுத்த வீட்டிலிருந்து வருவதுபோல லேசாகக் கேட்டது. அம்மாவின் பக்கத்தில் பலமாகக் கேட்டிருக்கும். அவள் தோள் சிலிர்த்ததிலிருந்து தெரிந்தது.

"தோ வந்துட்டேன்மா."

சிரிப்பு. ஒரு சின்னக் கிளிக். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

இருவரும் இயர்போனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் ஊதியது. மூடியிருந்த குழம்பில் ஏடு படிந்திருக்கும்.

"சோறு ஆறிகினு கீது" என்றாள் அம்மா, மெதுவாக, யாரையும் பார்க்காமல்.

ஆறட்டும் என்றுதான் இருந்தது ரூத்துக்கு. அவளும் எழுந்திருக்கவில்லை.